கேட்காமல் நிரம்பும் பாத்திரம்

பத்து நாள் சோறும் இடமும் பயிற்சியும் கொடுத்துவிட்டுப் பில் நீட்டாத ஓர் ஏற்பாடு ஹைதராபாதில் அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. அதன் மூலத்தைத் தேடிப் போனால் ஆந்திரத்து ஸ்தூபக் கற்களில் ஒரு தமிழன் பெயரும் தட்டுப்படுகிறது.

ஏ.எஸ்.ராவ் நகரில் எதற்கும் ஒரு ரேட் உண்டு. செகந்திராபாதுக்கு வடகிழக்கே இருக்கும் இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த அய்யகாரி சாம்பசிவ ராவ் ஓர் அணு விஞ்ஞானி. 1967இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான ஈ.சி.ஐ.எல்.லைக் கட்டி எழுப்பியவர். ஒரு காலத்தில் நடுத்தர வர்க்க வீடுகளில் ஈ.சி. டி.வி.யாகவும், பிறகு வாக்குச் சாவடிகளில் மின்னணு இயந்திரமாகவும் நாடு பார்த்தது அந்த நிறுவனத்தின் சரக்கைத்தான். அதன் ஊழியர்களை நம்பி எழுந்த குடியிருப்பு இன்று வங்கிகளும் நகைக்கடைகளும் கோச்சிங் வகுப்புகளும் நெருக்கியடிக்கும் கடைவீதி. வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு. குழந்தைக்குப் பாட்டு, முதுகுவலிக்கு யோகா, மனக்கவலைக்கு ஆலோசனை என்று எதற்குப் போனாலும் முதலில் ஒரு படிவம், அடுத்து ஒரு தொகை.

இதே நகரின் இன்னொரு கோடியில், வனஸ்தலிபுரம் பக்கம் நாகார்ஜுன சாகர் சாலையில், 'தம்ம கேத்த' என்றொரு தியான மையம் இருக்கிறது. பாலி மொழியில் 'அறத்தின் வயல்' என்று பொருள். 1976இல் தொடங்கியது. இந்தியாவில் விபஸ்ஸனா தியானத்துக்கு முதன்முதலாக அமைந்த மையங்களுள் ஒன்று. இங்கேயும் படிவம் உண்டு. ஆனால் தொகை எழுதும் கட்டம் கிடையாது. பத்து நாள் தங்கலாம், சாப்பிடலாம், பயிலலாம். யாரும் காசு கேட்கமாட்டார்கள். இன்னும் விசேஷம், முதல் முறை வருபவர் முன்கூட்டியே காசு கொடுக்க விரும்பினாலும் வாங்கமாட்டார்கள்.

சாப்பிட்டவர் கணக்கு

பயிற்சியின் நடைமுறை கடுமையானது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்கு தியானம். ஆறரைக்குக் காலைச் சிற்றுண்டி, 11 மணிக்கு மதியச் சாப்பாடு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும். ஏற்கெனவே ஒரு முறை பயின்றவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். இரவுச் சாப்பாடு கிடையாது. கைபேசி, புத்தகம், பேனா எல்லாம் வாசலிலேயே ஒப்படைக்கப்பட வேண்டும். பத்தாம் நாள்வரை பேச்சில்லை.

மௌனம் கலைந்த பிறகுதான் பண விஷயமே வருகிறது. பயிற்சியை முழுமையாக முடித்தவர், அதனால் தனக்குப் பயன் உண்டு என்று நினைத்தால், தன் சக்திக்கு ஏற்றதைக் கொடுக்கலாம். கொடுக்காமலும் போகலாம். ஆனால் கொடுப்பது அவர் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அல்ல. அதற்கான செலவை அவருக்கு முன்னால் வந்துபோன, முகம் தெரியாத யாரோ ஒருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். இப்போது கொடுப்பது அடுத்து வரப்போகிற, அதே போல முகம் தெரியாத இன்னொருவருக்காக. கற்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. சமைப்பது, பரிமாறுவது, மணி அடிப்பது, குளியலறை கழுவுவது என்று பெரும்பாலான வேலைகளை முன்பு பயிற்சி முடித்தவர்களே தொண்டாகச் செய்கிறார்கள். அதுவும் தானத்தில் சேர்த்தி.

இந்த விதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்பணம் கட்டியவர் வாடிக்கையாளர். அவருக்குப் பருப்பில் உப்பு குறைவு என்று சொல்ல உரிமை உண்டு; படுக்கை மெத்தென்று இல்லை என்று முகம் சுளிக்கலாம். காசு கட்டாமல் உட்கார்ந்தவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர் பத்து நாளைக்கு ஒரு பிக்குவைப் போல அடுத்தவர் போட்ட சோற்றில் வாழ்கிறார். அகந்தை சற்றே குறைய அதுவே முதல் பாடம் என்பது இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த எஸ்.என். கோயங்கா தந்த விளக்கம்.

கோயங்கா ஒரு வியாபாரி என்பது இதில் சுவையான விஷயம். 1924இல் பர்மாவின் மாண்டலேயில் ஒரு மார்வாடிக் குடும்பத்தில் பிறந்தவர். தீராத ஒற்றைத் தலைவலி அவரை 1955இல் ரங்கூனுக்கு, ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் அனுப்பியது. ஊ பா கின்னும் துறவி அல்ல. சுதந்திர பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல். வரவு செலவில் ஊறிய அந்த அதிகாரி, தலைவலிக்கு மருந்தாக மட்டும் இதைக் கேட்டு வருவதானால் சொல்லித் தர முடியாது என்று முதலில் மறுத்துவிட்டார். மனத்தைச் சுத்தப்படுத்தும் நோக்கத்தோடு வந்தபோதுதான் சேர்த்துக்கொண்டார். 1969இல் இந்தியா வந்த கோயங்கா பம்பாயில் முதல் வகுப்பை நடத்தினார். 2013இல் அவர் மறைந்த பிறகும் அவருடைய ஒலி, ஒளிப் பதிவுகளைக் கொண்டே வகுப்புகள் நடக்கின்றன. சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்திலும் இதே விதியோடு ஒரு மையம் இயங்குகிறது.

இது மதம் அல்ல, எந்த மதத்தவரும் பயிலலாம் என்று விபஸ்ஸனாக்காரர்கள் வற்புறுத்திச் சொல்வார்கள். அது அவர்கள் நிலைப்பாடு. ஆனால் காசு விஷயத்தில் அவர்கள் கடைப்பிடிக்கும் முறை பௌத்த சங்கத்தின் பழைய சொத்து என்பதில் சந்தேகமில்லை.

கவிழ்த்த பாத்திரம்

பௌத்தத்தில் 'தானம்' என்ற சொல்லுக்கு ஏழைக்கு இரங்கிப் போடும் பிச்சை என்று மட்டும் பொருள் கொண்டால் பாதிதான் புரியும். தேரவாத மரபு சொல்லும் பத்து பாரமிகளில் முதலாவது தானம். புத்தர் இல்லறத்தாருக்குப் படிப்படியாக உபதேசிக்கும்போது தானத்தில்தான் தொடங்குவார் என்று பாலி நூல்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகின்றன. ஒழுக்கமும் தியானமும் அதற்குப் பிறகு. பிடித்துவைத்திருப்பதைக் கை விட்டுப் பழகாதவனுக்கு மனம் விட்டுப் பழகாது என்பது அதன் தர்க்கம். உணவு கொடுப்பவர் ஆயுள், நிறம், இன்பம், வலிமை, அறிவுக்கூர்மை ஆகிய ஐந்தையும் கொடுக்கிறார் என்றொரு கணக்கும் உண்டு. கொடுக்கும் முன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்த பின் மனநிறைவு, இம்மூன்றும் இருந்தால்தான் தானம் முழுமை பெறும். கொடுத்துவிட்டு 'ஐயோ, இவ்வளவு கொடுத்தோமே' என்று கணக்குப் பார்த்தால் புண்ணியம் பாதி போயிற்று.

வாங்குபவர் பக்கத்து விதிகள் இன்னும் விநோதமானவை. பிக்கு சமைக்கக் கூடாது. சமைத்ததைச் சேமித்துவைக்கக் கூடாது. மதியத்துக்குப் பின் உண்ணக் கூடாது. விநயத்தின்படி பணத்தைத் தொடக் கூடாது. பாத்திரத்தோடு வாசலில் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். போட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும். போடாவிட்டால் அடுத்த வாசல். 'நன்றி' சொல்வதும் வழக்கமில்லை; பாலியில் வாழ்த்து ஓதுவதோடு சரி. இந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். துறவி ஒருநாள்கூட ஊரை விட்டு விலகி வாழ முடியாதபடி, ஊரும் ஒருநாள்கூடத் துறவியை மறக்க முடியாதபடி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். செகந்திராபாத் மகேந்திரா ஹில்ஸில் இருக்கும் ஆனந்த புத்த விகாரை போன்ற இன்றைய நகரத்து விகாரைகளில் பாத்திரம் ஏந்தித் தெருத் தெருவாகப் போக வேண்டியதில்லாமல் இருக்கலாம். ஆனால் பிக்குவின் தட்டில் சோறு விழ வேண்டுமானால் யாரோ ஒரு குடும்பத்தார் முன்வர வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர்? கொடுப்பவருக்குத்தான் வாய்ப்புக் கிடைக்கிறது என்கிறது மரபு. அதனால்தான் வாங்க மறுப்பது ஒரு தண்டனையாக முடிகிறது. நிரபராதியான ஒரு பிக்கு மீது பொய்ப் பழி சுமத்திய வட்டன் என்ற லிச்சவிக்கு எதிராகச் சங்கம் பாத்திரத்தைக் கவிழ்த்தது என்று விநய நூல் சொல்கிறது. இனி அவன் வீட்டுச் சோறு எந்தப் பிக்குவுக்கும் வேண்டாம் என்று பொருள். செய்தி கேட்டு அவன் மயங்கி விழுந்தானாம். இது ஏதோ பழங்கதை அல்ல. பர்மாவில் 1990இலும் மீண்டும் 2007இலும் ராணுவ ஆட்சியாளர்களுக்கு எதிராக பிக்குகள் இதே ஆயுதத்தை எடுத்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களின் சோற்றை, ஓட்டைக் கையோடு நிற்பவர்கள் வேண்டாம் என்றார்கள். புண்ணியம் சேர்க்கும் வழியே அடைபட்டுப் போவதை பர்மியத் தளபதிகள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கல்லில் எழுதிய ரசீது

இந்த முறை தெலுங்கு மண்ணுக்குப் புதிது அல்ல. ஹைதராபாதில் பௌத்தம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஹுசேன் சாகர் ஏரி நடுவே நிற்கும் ஒற்றைக்கல் புத்தர். 1990 மார்ச்சில் ஏரியில் மூழ்கி உயிர்ப்பலி வாங்கி, 1992 டிசம்பரில் ஒருவழியாக நிமிர்த்தி நிறுத்தப்பட்டவர். அந்தச் சிலையும், நாகார்ஜுன சாகரில் 274 ஏக்கரில் 2022இல் திறக்கப்பட்ட 'புத்தவனம்' பூங்காவும் அரசாங்கப் பணத்தில் எழுந்தவை. பழைய ஆந்திரத்து ஸ்தூபங்களின் கதை வேறு. அவை சில்லறையாகச் சேர்ந்த காசில் எழுந்தவை. ரசீதுகள் கல்லிலேயே இருக்கின்றன.

அமராவதி மகா சைத்தியத்தின் சுற்றுச்சுவர்ப் பலகைகளில் பிராமி எழுத்தில் நன்கொடையாளர் பெயர்கள் வரிசை வரிசையாகக் காணப்படுகின்றன. 1797இல் காலின் மெக்கன்சி முதலில் கண்டு, 1845இல் வால்டர் எலியட் தோண்டி சென்னைக்கு அனுப்பிய கற்கள் இவை. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் பிரிந்து கிடக்கின்றன. பெயர்களில் வணிகர்கள் உண்டு, வாசனைத் திரவிய வியாபாரி உண்டு, ஏராளமான பெண்கள் உண்டு. சொத்தே இல்லாத பிக்குகளும் பிக்குணிகளும்கூடக் கொடுத்திருக்கிறார்கள். பூரண கும்பம் செதுக்கிய பலகை ஒன்றைக் கொடுத்தவன் விதிகன். நாகன் என்ற ஆசிரியரின் மகன். தொழில் தோல் வேலை. தாய், மனைவி, சகோதரர்கள், பிள்ளைகள், உறவினர், நண்பர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு கொடுத்திருக்கிறான். பிற்காலத்தில் கோயில் வாசலுக்குக்கூட வர முடியாமல் போன ஒரு தொழிலைச் சேர்ந்தவன், அந்தக் காலத்தின் மகத்தான ஸ்தூபம் ஒன்றில் பெயரோடும் தொழிலோடும் நிற்கிறான்.

இன்னொரு கல்வெட்டு தமிழர்களை நிமிர்ந்து உட்காரவைக்கும். மகா சைத்தியத்தின் அடியில் ஒரு நெடும்பலகையைக் கொடுத்தவர்கள் 'தமிள' கண்ணனும், அவன் தம்பி சின்னக் கண்ணனும், தங்கை நாகாவும். கிருஷ்ணா நதிக்கரைக்கு எதற்காக வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. வெளியூரில் வந்து வாழும் மூன்று உடன்பிறப்புகள் காசு சேர்த்து ஒரு பொது இடத்துக்கு ஒரு கல் வாங்கிக் கொடுத்தார்கள். தங்கள் ஊர்ப் பெயரைப் போடவில்லை. இனப் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். ஹைதராபாதிலோ மும்பையிலோ தமிழ்ச் சங்கக் கட்டடத்துக்குச் சந்தா கொடுப்பவருக்கு அந்த மனநிலை புரியாமல் போகாது.

நதியில் மேலே போனால் நாகார்ஜுனகொண்டா. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு அரசர்களின் தலைநகரம். அணை கட்டியபோது நீரில் மூழ்க, தோண்டி எடுத்தவை இப்போது ஒரு தீவில் இருக்கின்றன. அங்கே ஒரு குடும்ப விசித்திரம். அரசன் சாந்தமூலன் வைதிக நெறியில் அசுவமேதம் செய்தவன். அவன் தங்கை சாந்திசிரியோ மகா சைத்தியத்துக்குத் தூண்கள் நிறுத்தியவள். கல்வெட்டு அவளை 'மகாதானபதினி' என்று அழைக்கிறது. அரச குலத்தைச் சேராத போதிசிரி என்ற உபாசிகை இன்னும் சுவாரசியமானவள். இலங்கைத் தேரர்களுக்கென்று ஒரு சைத்திய வீடு கட்டினாள். அத்தோடு வெவ்வேறு ஊர்களில் மண்டபம், குளம், பிக்குகள் தங்கும் அறைகள் என்று தான் செய்ததையெல்லாம் பட்டியல் போட்டுக் கல்லில் வெட்டிவைத்தாள். கணவன் செலவில் வாழ்ந்தவள் என்று யாரும் சொல்ல முடியாத பட்டியல்.

தானம் என்றால் உணர்ச்சிவசப்பட்டுத் தூக்கிக் கொடுப்பது என்ற எண்ணத்தையும் கல்வெட்டுகள் திருத்துகின்றன. மேற்கே நாசிக் குகைக் கல்வெட்டில், க்ஷத்ரப அரசன் நகபானனின் மருமகன் உஷவதாதன் 3,000 கார்ஷாபணக் காசை நெசவாளர் சங்கங்களிடம் நிரந்தர வைப்பாகப் போட்ட விவரம் இருக்கிறது. 2,000 காசுக்கு மாத வட்டி 1 சதவீதம். மீதி 1,000 காசுக்கு முக்கால் சதவீதம். அசலைத் தொடக் கூடாது. முதல் தொகையின் வட்டியில் மழைக்காலத்தில் தங்கும் 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 காசு துணிப்பணம். போட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 240; இருபது பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டும் அதே 240. காசு மிச்சமுமில்லை, துண்டுமில்லை. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஃபிக்சட் டெபாசிட்.

அமுதசுரபி பிறந்த மொழி

தமிழுக்கும் இது அந்நியமல்ல. பாத்திரத்தையே மையமாக வைத்து ஒரு காப்பியம் எழுதிய மொழி இது. மணிமேகலையின் கைக்கு வந்த அமுதசுரபி, முதலில் ஒரு பத்தினி பிச்சையிட்ட பிறகே வற்றாமல் சுரக்கத் தொடங்குகிறது. ஆதிரை போட்ட சோறுதான் முதல் சோறு. மாயப் பாத்திரமே ஆனாலும் ஒரு மனிதர் கை முதலில் போட வேண்டும் என்று சாத்தனார் வைத்த நிபந்தனை கவனிக்கத் தக்கது. பிறகு காயசண்டிகையின் தீராப் பசி தீர்கிறது. அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது மணிமேகலை கேட்டது சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்ற வேண்டும் என்பதுதான்.

பெரிய தானங்களும் இருந்தன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்குச் சிவபக்தனான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. ஆனால் ஊர் வருமானம் நிரந்தரமாக வந்தால் பாத்திரம் ஏந்த வேண்டியதில்லை. ஏந்தாத பாத்திரத்துக்கும் ஊருக்கும் நடுவே இருந்த முடிச்சு தளர்ந்துவிடும். வரலாற்றாசிரியர்கள் பௌத்தத்தின் மறைவுக்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். கடல் வாணிபம் சுருங்கியது, வணிகர் கை வறண்டது, அரசர்களும் ஊரார்களும் சிவன், திருமால் கோயில்கள் பக்கம் திரும்பினார்கள் என்பவை அவற்றில் முக்கியமானவை. எப்படியானாலும் தினந்தோறும் விழும் சோற்றை நம்பிய ஓர் அமைப்பு, சோறு நின்றதும் நின்றுபோனது. 1344ஆம் ஆண்டின் கடலாதெனியக் கல்வெட்டு, தர்மகீர்த்தி என்ற இலங்கைத் தேரர் அமராவதியில் ஒரு சிலைக் கோயிலைப் பழுதுபார்த்துக் கொடுத்ததைக் குறிப்பிடுகிறது. உள்ளூரில் கொடுக்க ஆள் இல்லாத நிலையில், ஒரு காலத்தில் இங்கிருந்து வாங்கிக்கொண்ட இலங்கை திருப்பிக் கொடுத்தது போல இருக்கிறது அது.

கொடுக்கும் உரிமை

பௌத்தம் இந்த நாட்டில் மீண்டும் தலையெடுத்தபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் பணக்காரர்கள் அல்ல. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் அவர் தொடங்கிய வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயராக அமைந்த பத்திரிகை. ஓராண்டுக்குப் பின் 'தமிழன்' ஆயிற்று. அந்த இயக்கத்துக்குக் கோலார் தங்கவயலில் வேரூன்றிக் கொடுத்தவர்கள் பூமிக்கடியில் இறங்கித் தங்கம் தோண்டிய தமிழ்த் தொழிலாளர்கள். பண்டிதர் 1914இல் மறைந்த பின்னும் அவர் எழுத்தைக் காப்பாற்றி அச்சிட்டதில் அந்த ஊருக்குப் பெரும் பங்கு உண்டு.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு தீக்ஷை பெற்ற டாக்டர் அம்பேத்கர், மறுநாள் உரையில் பணத்தைப் பற்றிப் பேசத் தயங்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கை தம்மப் பணிக்குக் கொடுக்க வேண்டும் என்றார். கேட்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள்.

ஏழையிடம் போய்க் கேட்கலாமா என்று தோன்றும். ஆனால் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கிராமத்தில் அவர்கள் எப்போதும் வாங்குபவர்கள். களத்தில் மிஞ்சிய நெல், விசேஷத்தில் மிஞ்சிய சோறு, பழந்துணி. எட்ட நின்று, கை நீட்டி, தொடாமல் போடப்பட்டதை வாங்கியவர்கள். கொடுக்கும் இடத்தில் அவர்களை யாரும் உட்காரவிட்டதில்லை. இருபதில் ஒரு பங்கு கேட்டவர் அவர்களை அந்த இடத்தில் உட்காரவைத்தார். இன்று ஒவ்வோர் ஆண்டும் விஜயதசமியை ஒட்டி நாக்பூர் தீக்ஷாபூமிக்கு வந்து குவிகிற கூட்டத்துக்குத் தெருவெங்கும் பந்தல் போட்டுச் சோறு போடுபவர்களில் பலர் அந்த அன்றாடங்காய்ச்சிகளின் பேரன் பேத்திகள். அமராவதியில் தோல் வேலைக்கார விதிகன் பெயரைப் பொறித்த காலத்தோடு இது கை கோத்துக்கொள்கிறது.

கண்ணையும் கொடுத்தவர்கள்

தானம் எந்த அளவுக்குப் போகலாம்? பழங்கதைகளுக்கு எல்லையே இல்லை. புறாவுக்காகத் தொடை அறுத்த சிபியைச் சோழர் குல முன்னோனாகத் தமிழர் அறிவார்கள். பாலி ஜாதகக் கதையில் வரும் சிவி மன்னன் பார்வையற்ற ஒருவருக்குத் தன் இரு கண்களையும் கொடுக்கிறான். இந்தக் கதையை நவீன மருத்துவமாக மாற்றியது இலங்கை. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கருவிழிகளை அனுப்பியிருக்கிறது. வெசாக் நாட்களில் தெருவோரப் பந்தல் போட்டு வந்தவருக்கெல்லாம் சோறும் பானமும் கொடுக்கும் 'தன்சல்' வழக்கமும் அங்கே பிரசித்தம்.

இலங்கை என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் முள் ஒன்று தைக்கும். அது நியாயமே. 1983இல் தமிழர் வீடுகள் எரிந்தபோது நாட்டின் அதிபராக இருந்த ஜே.ஆர். ஜெயவர்தனே கண்தானம் செய்தவர்; 1996இல் அவர் இறந்த பின் அவர் கண் ஜப்பானுக்குப் போயிற்று. கொடுத்த கை வேறு கணக்குகளைத் துடைத்துவிடாது. பௌத்த மரபே இந்தச் சந்தேகத்தை எழுப்பியிருக்கிறது. கேட்டவருக்குத் தன் பிள்ளைகளையே தானம் கொடுத்த வெஸ்ஸந்தரன் செய்தது சரியா, அடுத்தவருக்குத் துயரம் தரும் தானம் தானமாகுமா என்று 'மிலிந்தரின் வினாக்கள்' நூலில் அரசன் மிலிந்தன் குறுக்குக் கேள்வி கேட்கிறான். நாகசேனர் நீளமாகப் பதில் சொல்கிறார். கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது.

இலவசம் யாருக்கு?

ஹைதராபாத் ஏற்பாட்டின் மீதும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பத்து நாள் விடுப்பு எடுக்கக் கூடியவருக்குத்தான் அது இலவசம். ஈ.சி.ஐ.எல். ஊழியருக்கு விடுப்பு உண்டு, சம்பளமும் வரும். அதே சாலையில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் பத்து நாள் என்றால் பத்து நாள் கூலி போச்சு. வீட்டில் கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கு இன்னும் கடினம். வாசலில் காசு வாங்காததால் மட்டும் வாசல் எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை.

இரண்டாவது, புண்ணியமும் ஒரு சரக்காகிவிடும் ஆபத்து. கொடுத்தால் அடுத்த பிறவியில் செல்வம் என்ற கணக்கு பௌத்த நாடுகளில் ஏராளம். கொடுப்பவர் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறிக்கும் பழக்கம் நம் கோயில் டியூப்லைட்டோடு நிற்பதில்லை. அமராவதிக் கற்களும் பெயர் தாங்கியவைதானே என்றும் கேட்கலாம். ஒரு வித்தியாசம், விதிகனும் தமிள கண்ணனும் பெயரோடு வீட்டாரையும் உறவையும் சேர்த்துக்கொண்டார்கள். தனி ஆளின் பெருமையைவிட ஒரு கூட்டத்தின் கை அங்கே அதிகம் தெரிகிறது.

மூன்றாவது கேள்வி எளியது: இது எத்தனை காலம் தாங்கும்? பயிற்சி முடித்தவரிடம் மட்டும்தான் வாங்குவோம் என்று விதி வைத்துக்கொள்வது, வரவுக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்வது போன்றது. அரசு மானியமோ கம்பெனி நன்கொடையோ வாங்கிக் கட்டணம் வைத்தால் மெத்தை இன்னும் தடிமனாகும். அப்படிச் செய்யும் தியான நிலையங்கள் நாட்டில் நிறையவே இருக்கின்றன, நன்றாகவும் நடக்கின்றன. ஆனால் அதே விநாடியில் உள்ளே உட்கார்ந்திருப்பவர் வாடிக்கையாளர் ஆகிவிடுவார். பூட்டுத்தான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

பௌத்த வரலாறு இரண்டு பாடங்களை ஒருசேரச் சொல்கிறது. கேட்காமல் வரும் சோற்றை நம்பி நூற்றாண்டுக் கணக்கில் வாழ முடியும். அமராவதி அதற்குச் சாட்சி. அந்தச் சோறு ஒருநாள் நின்றும் போகும். அதற்கும் அமராவதியே சாட்சி. வனஸ்தலிபுரம் பக்கம் நாலரை மணி தியானத்துக்கு எழுந்து உட்காருகிறவர்களின் காலைச் சிற்றுண்டி, போன மாதம் எழுந்துபோனவர்களின் நல்ல மனத்தைப் பொறுத்தது. இதுவரை அடுப்பு அணையவில்லை.